மறுசேர்க்கைப் புரத உற்பத்தி: பெருந்திரள் சோதனையும் முன்கணிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுசேர்க்கைப் புரதம் தயாரிப்பது ஐம்பது ஆண்டுப் பழக்கமாயிற்றே, இன்னும் எதற்குப் புதிய முறைகள்?

ஒரு மரபணுவை வேறொரு செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லைக் கொண்டு தயாரிக்கும் புரதமே மறுசேர்க்கைப் புரதம். 1973இல் ஸ்டான்லி கோயனும் ஹெர்பர்ட் பாயரும் அந்நிய மரபணுவை பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையம் வழியாக ஈ. கோலை பாக்டீரியத்துக்குள் செலுத்தி இயங்க வைத்தார்கள். 1978இல் மனித இன்சுலின் அதே பாக்டீரியத்தில் உருவானது. 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், ஒரு மரபணுவின் எழுத்து வரிசையைக் கையில் கொடுத்து, "இதன் புரதம் கரைந்த நிலையில், சரியாக மடிந்து, போதிய அளவில் கிடைக்குமா?" என்று கேட்டால் உறுதியான பதில் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. ஒரு புரதம் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் தருகிறது. அதன் நெருங்கிய உறவான இன்னொன்று முழுவதும் இன்க்ளூஷன் பாடி எனப்படும் கரையாத திரளாகச் செல்லுக்குள் படிந்துவிடுகிறது. மூன்றாவது, செல்லையே கொன்றுவிடுகிறது.

முன்பு இந்த நிச்சயமின்மையை ஓர் ஆய்வு மாணவரின் பொறுமை ஈடுசெய்தது. ஒரு கன்ஸ்ட்ரக்ட் (சோதிக்க அமைத்த மரபணு வடிவம்), ஒரு வெப்பநிலை, ஒரு ஜெல் (புரதங்களை அளவுப்படி பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் கூழ்) என்று மாதக்கணக்கில் முயன்று பார்ப்பார்கள். இன்று மரபணு வரிசைத் தரவுத்தளங்களில் கோடிக்கணக்கான புரதங்கள் குவிந்திருக்கின்றன, டி.என்.ஏவைச் செயற்கையாகத் தொகுத்து வாங்குவது எளிதாகிவிட்டது, கணினியில் புதிய புரதங்களை வடிவமைப்பவர்கள் ஒரே நாளில் ஆயிரம் வரிசைகளை எழுதித் தள்ளுகிறார்கள். ஆகவே முட்டுக்கட்டை இப்போது புரதத்தை உண்மையில் உற்பத்தி செய்யும் படியில்தான் வந்து நிற்கிறது. அதைத் தளர்த்த இரு வழிகள் வளர்ந்துள்ளன. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான நிலைமைகளைச் சிறிய அளவில் சோதிப்பது ஒன்று. எது பலிக்கும் என்று சோதனைக்கு முன்பே கணிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியாகக் கற்பிப்பதால்தான் பலரும் குழம்புகிறார்கள் என்பது என் கருத்து. கணிப்பு, தட்டில் எவற்றை வைப்பது என்று தெரிவு செய்கிறது. தட்டு, அந்தக் கணிப்பு எங்கே பிழைத்தது என்று காட்டுகிறது.

பெருந்திரள் சோதனை என்று எதைச் சொல்கிறோம்?

ஆய்வகங்களில் "ஹை த்ரூபுட்" என்று வழங்கும் முறையைத்தான் இங்கே பெருந்திரள் சோதனை என்கிறோம். குளோனிங் (மரபணுவைப் பிளாஸ்மிட்டில் சேர்ப்பது), வளர்ப்பு, தூண்டல் (புரத உற்பத்தியைத் தொடங்கி வைப்பது), செல் உடைப்பு, தூய்மையாக்கம், அளவீடு ஆகிய எல்லாப் படிகளும் 24 அல்லது 96 குழிகள் கொண்ட தட்டுகளில் இணையாக நடப்பதுதான் இதன் சாரம். ரோபோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இம்முறை முதிர்ச்சி பெற்றது கட்டமைப்பு மரபணுவியல் திட்டங்களின் காலத்தில். 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய புரதக் கட்டமைப்பு முன்முயற்சியும், அதையொட்டிப் பிற நாடுகளில் உருவான மையங்களும் ஆயிரக்கணக்கான புரதங்களைத் தயாரிக்க வேண்டியிருந்தது. அந்த மையங்கள் ஒன்றுசேர்ந்து, 10,000க்கும் மேற்பட்ட புரதங்களில் பெற்ற பட்டறிவைத் தொகுத்து, "முதலில் எதை முயல வேண்டும்" என்ற பொதுப் பரிந்துரையை 2008இல் வெளியிட்டன. ஈ. கோலையில் தொடங்குவது, மரபணுவை இயக்கும் வரிசையாக டி7 புரோமோட்டரைப் பயன்படுத்துவது, புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் டேக் (நிக்கலில் ஒட்டிக்கொண்டு தூய்மையாக்க உதவும் சிறு வால்) சேர்ப்பது, தூண்டலின்போது வெப்பநிலையைக் குறைப்பது, ஒரே புரதத்துக்குப் பல நீள வேறுபாடுகளை இணையாக முயல்வது ஆகியவை அன்று வகுக்கப்பட்டவை. இன்றும் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை.

ஒரு 96 குழித் தட்டில் வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது?

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு புரதத்துக்கு எட்டு நீள வேறுபாடுகள், மூன்று டேக்குகள் என்றால் 24 கன்ஸ்ட்ரக்டுகள். ஒவ்வொன்றையும் நான்கு பாக்டீரிய இனங்களில் சோதித்தால் 96 குழிகளும் நிரம்பிவிடுகின்றன. கட்டுப்பாட்டுச் சோதனைக்கு இடமே இல்லாமல் போகும் இந்த "நிறைவான" திட்டத்தைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் தீட்டுகிறார்கள். 23 கன்ஸ்ட்ரக்டுகளை நான்கு இனங்களில் வைத்தால் 92 குழிகள். மீதி நான்கில் நன்றாக வெளிப்படும் என்று ஏற்கெனவே தெரிந்த புரதம், வெற்றுப் பிளாஸ்மிட், வெறும் வளர்ப்பூடகம் ஆகியவை இருக்க வேண்டும்.

வளர்ப்புக்கு ஆழ்குழித் தட்டு. சதுரக் குழி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ஊடகம்; காற்று புகும் மெல்லிய படலத்தால் மேலே மூடி, சிறு சுற்றுள்ள ஷேக்கரில் வேகமாகக் குலுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் எழும். 92 வளர்ப்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒவ்வொன்றும் உரிய அடர்த்தியை எட்டும் நேரம் பார்த்துத் தனித்தனியாக ஐபிடிஜி என்னும் தூண்டியைச் சேர்ப்பது கைக்கு எட்டாத வேலை. 2005இல் வில்லியம் ஸ்டூடியர் வெளியிட்ட தானியங்கித் தூண்டல் ஊடகம் இதைத் தீர்த்தது. ஊடகத்தில் குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்தே இருக்கும். குளுக்கோஸ் தீரும் வரை பாக்டீரியம் லாக்டோஸைத் தொடாது, ஆகவே புரத உற்பத்தியும் தொடங்காது. தீர்ந்ததும் லாக்டோஸ் உள்ளே சென்று தூண்டலைத் தானாகத் தொடங்கி வைக்கும். ஒவ்வொரு குழியும் தன் வளர்ச்சிக்கேற்ற நேரத்தில் தானே தூண்டப்படுகிறது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த எளிய தீர்வு இது.

மறுநாள் தட்டைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, ஊடகத்தை வடித்துவிட்டுச் செல்களை உடைக்கிறோம். செல்சுவரை அரிக்கும் லைசோசைமும் டி.என்.ஏவை அரிக்கும் நியூக்ளியேஸும் சேர்க்காவிட்டால், உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் டி.என்.ஏ கரைசலைக் கோந்துபோல இழுபடச் செய்துவிடும். பிப்பெட்டின் நுனி அடைத்துக்கொள்ளும். பிறகு நிக்கல் பூசிய காந்த மணிகளைச் சேர்த்துக் கலக்கி, தட்டைக் காந்தத்தின் மேல் வைத்தால், பழுப்பு நிற மணிகள் சில நொடிகளில் குழியின் ஓரத்தில் சிறு பிறைபோல ஒட்டிக்கொள்ளும், நீர்மம் தெளிந்துவிடும். கழுவி, இமிடசோல் என்னும் வேதிப்பொருள் கொண்டு மணிகளிலிருந்து விடுவித்தெடுத்த புரதத்தை ஜெல்லில் ஓட்டுகிறோம்.

ஓர் எச்சரிக்கையைச் சொந்தப் பாடமாகவே சொல்கிறேன். ஒருமுறை தட்டை 180 பாகை திருப்பி வைத்து மாதிரி எடுத்துவிட்டேன். முதல் குழி கடைசிக் குழியாகிவிட்டது. கட்டுப்பாட்டுக் குழிகள் நான்கையும் நான்கு மூலைகளில் சமச்சீராக வைத்திருந்ததால், நேர்க் கட்டுப்பாடுகள் இரண்டும் எதிரெதிர் மூலைகளில் சரியாகவே தெரிந்தன. பிழை மூன்று வாரம் கழித்து, "வெற்றி பெற்ற" கன்ஸ்ட்ரக்டைப் பெரிய அளவில் வளர்த்தபோதுதான் வெளிப்பட்டது. அன்றிலிருந்து கட்டுப்பாடுகளைச் சமச்சீரற்ற இடங்களில்தான் வைக்கிறேன். ஓரக் குழிகளில் நீர் விரைவாக ஆவியாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே புரதத்துக்கு எதற்கு இத்தனை நீள வேறுபாடுகள்?

ஏனென்றால் எல்லா மாறிகளிலும் பெரும்பாலும் மிக வலுவானது இதுதான். புரதத்தின் முனைகளில் உறுதியான வடிவம் இல்லாத, தொங்கும் பகுதிகள் இருக்கலாம். அவை புரோட்டியேஸ்களுக்கு (புரதத்தை வெட்டும் நொதிகளுக்கு) இரையாகும், திரளவும் தூண்டும். மறுபுறம், மடிந்த பகுதியின் ஒரு ஹெலிக்ஸைப் (சுருள் பகுதியை) பாதியில் வெட்டிவிட்டால் உள்ளிருக்கும் நீர்வெறுக்கும் பரப்பு வெளிப்பட்டு முழுப் புரதமும் கெட்டுவிடும். எல்லை ஐந்து அமினோ அமிலம் முன்னே பின்னே நகர்ந்ததால் கரையாத புரதம் கரைந்த கதைகள் எல்லா ஆய்வகங்களிலும் உண்டு.

முன்பெல்லாம் எல்லையை ஊகத்தில் வைத்தோம். இப்போது புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளின் கணிப்பைத் திறந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிக் கீழே.

எந்த ஓம்புயிரைத் தேர்வு செய்வது?

ஓம்புயிர் என்பது நம் புரதத்தைத் தயாரித்துத் தரும் உயிர் அல்லது செல். விரைவும் எளிமையும் வேண்டுமானால் ஈ. கோலை. டைசல்ஃபைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்புகள் தேவைப்பட்டால் ஷஃபிள் போன்ற, உட்சூழல் மாற்றப்பட்ட ஈ. கோலை இனங்களை முயலலாம், அல்லது பெல்பி போன்ற சமிக்ஞை வரிசையைச் சேர்த்துப் புரதத்தைப் பெரிபிளாசத்துக்கு (பாக்டீரியத்தின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளிக்கு) அனுப்பலாம். சுரக்கப்படும் புரதம் பெரிய அளவில் தேவை என்றால் பிக்கியா ஈஸ்ட்; பல துணை அலகுகள் கொண்ட பெரிய கூட்டமைப்புகளுக்கு பாக்குலோ வைரஸும் பூச்சிச் செல்களும்; மனிதப் புரதங்களின் கிளைக்கோசைலேற்றம் (சர்க்கரைத் தொடர்கள் சேர்தல்) முக்கியமென்றால் மனிதச் செல்வரிசையான ஹெக்293 அல்லது சிஹெச்ஓ செல்கள். சிஹெச்ஓ என்பது 1957இல் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து தனிப்படுத்திய செல்வரிசை. 1987இல் அனுமதி பெற்ற, இரத்த உறைகட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்திலிருந்து தொடங்கி இன்று புரத மருந்துகளின் முதன்மையான தொழிற்கூடமாக அது விளங்குகிறது.

கோடான் சீரமைப்புச் செய்துவிட்டால் போதும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கையைச் சற்று விரிவாக ஆராய வேண்டும், ஏனெனில் இதுதான் முன்கணிப்பின் வரலாற்றையே சுருக்கமாகக் காட்டுகிறது.

கோடான் என்பது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபுச் சொல். 20 அமினோ அமிலங்களைக் குறிக்க 61 கோடான்கள் உள்ளன. ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக மூன்று தெரிவுகள் என்று வைத்துக்கொண்டால், 100 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தையே எழுதும் வழிகளின் எண்ணிக்கை 48 இலக்கங்கள் கொண்டது. இவற்றுள் எதைத் தேர்வது? ஈ. கோலையில் ஏஜிஏ, ஏஜிஜி, ஏயூஏ போன்ற கோடான்கள் அரிதாகவே வருகின்றன, அவற்றுக்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டி-ஆர்.என்.ஏக்களும் குறைவு. ஆகவே ஓம்புயிர் அதிகம் பயன்படுத்தும் கோடான்களையே எங்கும் போட்டால் உற்பத்தி கூடும் என்று எண்ணினார்கள். 1987இல் ஷார்ப், லீ இருவரும் வகுத்த கோடான் தகவமைப்புக் குறியீடு இந்த எண்ணத்துக்கு ஓர் எண்வடிவம் கொடுத்தது. அரிய டி-ஆர்.என்.ஏக்களைக் கூடுதலாகச் சுமக்கும் ரோசெட்டா போன்ற இனங்களும் வந்தன.

2009இல் குட்லாவும் குழுவினரும் ஒரு நேரடிச் சோதனை செய்தார்கள். பச்சை ஒளிர்ப்புரதத்தின் அமினோ அமில வரிசையை மாற்றாமல், கோடான்களை மட்டும் சீரற்ற முறையில் மாற்றி 154 மரபணுக்களை உருவாக்கினார்கள். ஈ. கோலையில் அவற்றின் வெளிப்பாடு 250 மடங்கு வரை வேறுபட்டது. வியப்பு என்னவென்றால், அந்த வேறுபாட்டுக்கும் கோடான் குறியீட்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. எம்-ஆர்.என்.ஏவின் (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலின்) தொடக்கப் பகுதி தன்மேல் தானே மடிந்து எவ்வளவு இறுக்கமாக முடிச்சிடுகிறது என்பதே வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டதை விளக்கியது. முடிச்சு இறுகியிருந்தால், புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அமர இடமில்லை. இடம் கிடைக்காவிட்டால் பின்னால் எவ்வளவு நல்ல கோடான்கள் இருந்து என்ன பயன்?

அதே ஆண்டில் ஹோவர்ட் சாலிஸ், கிறிஸ்டோபர் வாய்ட் குழு, ரைபோசோம் அமரும் இடத்தின் வெப்ப இயக்கவியலைக் கணக்கிட்டு மொழிபெயர்ப்புத் தொடங்கும் வேகத்தை முன்கணிக்கும் கணிப்பானை வெளியிட்டது. 2013இல் குட்மன், சர்ச், கோசுரி ஆகியோர் 14,000க்கும் மேற்பட்ட கட்டமைப்புகளை ஒரே கலவையில் உருவாக்கி, ஒளிர்வுக்கேற்பச் செல்களைப் பிரித்து, டி.என்.ஏ வரிசைப்படுத்தல் மூலம் ஒவ்வொன்றின் வெளிப்பாட்டையும் அளந்தார்கள். மரபணுவின் தொடக்கத்தில் அரிய கோடான்கள் இருந்தால் வெளிப்பாடு குறைவதற்குப் பதில் கூடுகிறது என்றும், அவை முடிச்சைத் தளர்த்துவதே காரணம் என்றும் தெரிந்தது. ஒரு தலைமுறை நம்பிய விதி, அளவிட்டுப் பார்க்கும் வசதி வந்தவுடன் திருத்தப்பட்டது.

இதனால் கோடான் சீரமைப்பு வீண் என்று பொருளல்ல. தொடக்கத்தில் உள்ள 15 கோடான்கள் அளவுக்கு எம்-ஆர்.என்.ஏ முடிச்சைத் தளர்த்துங்கள். மீதிப் பகுதியில் அரிய கோடான்கள் அடுத்தடுத்துக் கொத்தாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சீரமைப்பு மென்பொருள் தரும் ஒரே வரிசையை நம்பாமல் இரண்டு மூன்று வடிவங்களைத் தட்டில் சேருங்கள்.

கரைதிறனைக் கணிக்கும் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

எதை முதலில் முயல்வது என்று வரிசைப்படுத்த நம்பலாம், தீர்ப்பு வழங்க நம்பக் கூடாது. 1991இல் வில்கின்சனும் ஹாரிசனும் மின்னேற்றச் சராசரி போன்ற சில பண்புகளைக் கொண்டு எளிய மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அதன்பின் புரோட்டீன்-சோல், கேம்சோல், டீப்சோல், சோலுப்ராட், நெட்சோல்பி என்று வரிசையாகப் பல வந்துள்ளன; அண்மைக்காலத்தவை கோடிக்கணக்கான புரத வரிசைகளைப் படித்துத் தேர்ந்த புரத மொழி மாதிரிகளை அடித்தளமாகக் கொண்டவை.

குறை பெரும்பாலும் பயிற்சித் தரவில் இருக்கிறது. கட்டமைப்பு மரபணுவியல் மையங்களின் பதிவுகளில், ஒரு புரதத்தின் வேலை நின்றுபோனால் ஏன் நின்றது என்ற காரணம் பல இடங்களில் தெளிவாக இல்லை. குளோனிங் தவறியதா, புரதமே உருவாகவில்லையா, உருவாகித் திரண்டதா, வேறொரு குழு முந்திவிட்டதால் கைவிடப்பட்டதா என்று பிரித்தறியாமல் எல்லாம் "கரையாதவை" என்ற ஒரே கூடையில் விழுந்திருக்கின்றன. அதற்கு நேர்மாறாக, 2009இல் நிவா, தகுச்சி குழு ஒரே சீரான நிலைமையில் செய்த ஆய்வு அளவில் சிறியதாயினும் மிகத் தெளிவானது. மடிப்புக்கு உதவும் சாபரோன்கள் இல்லாத செல்லற்ற அமைப்பில் ஈ. கோலையின் 3,173 புரதங்களைத் தயாரித்துக் கரைதிறனை அளந்தபோது, புரதங்கள் எளிதில் திரள்பவை, நன்கு கரைபவை என இரு குவியல்களாகப் பிரிந்தன.

ஆகவே ஐம்பது கன்ஸ்ட்ரக்டுகளில் எந்த இருபதை முதல் தட்டில் வைப்பது என்று முடிவெடுக்க இக்கருவிகள் உதவும். மதிப்பெண் குறைவாக வந்தது என்பதற்காக, உங்கள் ஆய்வின் மையமான ஒரே புரதத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆல்ஃபாஃபோல்டு வடிவத்தைக் கணிக்கிறது. உற்பத்திக்கு அதனால் என்ன பயன்?

ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்தில் 2022 முதல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் உள்ளன. 2024 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், மறுபாதி புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் கிடைத்தது. உற்பத்தியாளரின் கண்ணுக்கு அதில் மிகவும் பயன்படுவது, ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை அது தரும் நம்பிக்கை மதிப்பெண். 50க்குக் கீழே நீண்ட தொடராக வரும் பகுதி பெரும்பாலும் நிலையான வடிவமற்றது. வெட்டி நீக்கத் தகுந்தது. மதிப்பெண் உயர்ந்து நிற்கும் மேட்டின் விளிம்புகளே கன்ஸ்ட்ரக்டின் எல்லைகள். டேக்கை எந்த முனையில் சேர்ப்பது என்பதையும் வடிவத்தைப் பார்த்தே முடிவுசெய்யலாம்: ஒரு முனை உள்ளே புதைந்திருந்தால் மற்ற முனைதான் வழி.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். அழகான கணிப்பு, செல்லுக்குள் அப்புரதம் அந்த வடிவத்தை எட்டும் என்பதற்கு உறுதி ஆகாது. பங்காளிப் புரதமோ உலோக அயனியோ இல்லாமல் தனியே நிற்க முடியாத புரதத்துக்கும் மதிப்பெண் உயர்வாகவே வரக்கூடும்.

புரதத்தின் வரிசையையே மாற்றி எளிதாக உற்பத்தியாகச் செய்யலாமா?

செய்யலாம். கடந்த பத்தாண்டுகளின் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பேன். 2016இல் வைஸ்மன் நிறுவனத்தில் சரேல் ஃப்ளைஷ்மன் குழு வெளியிட்ட ப்ராஸ் என்ற முறை, உறவுப் புரதங்களின் வரிசைகளில் இயற்கை எவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற செய்தியையும் அணு மட்ட ஆற்றல் கணக்கையும் சேர்த்து, ஒரே சமயத்தில் பல மாற்றங்களைப் பரிந்துரைக்கிறது. மனித அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் ஈ. கோலையில் தயாரிக்க முடியாத நொதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 51 மாற்றங்கள் கொண்ட வடிவம் ஈ. கோலையில் ஏறத்தாழ 2,000 மடங்கு அதிகமாக வெளிப்பட்டது. அதன் வெப்பத் தாங்குதிறன் 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. நொதிச் செயல்பாடு மாறவில்லை.

2022இல் வந்த புரோட்டீன்எம்பிஎன்என், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு வடிவத்தைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் வரிசைகளை எழுதித் தரும் நரம்பு வலையமைப்பு. புதிதாக வடிவமைத்துக் கரையாமல் போன பல புரதங்கள் இதன் மூலம் மீட்கப்பட்டன. இயற்கைப் புரதங்களான மயோகுளோபினிலும், டேக்கை வெட்டப் பயன்படும் டெவ் புரோட்டியேஸிலும் வெளிப்பாட்டையும் நிலைப்பையும் இது உயர்த்தியது. இதைப் பயன்படுத்தும்போது செயல்தளத்தையும் அதைச் சூழ்ந்த அமினோ அமிலங்களையும் மாற்றாமல் பூட்டி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் மிக அழகாக மடிந்த, எதையும் செய்யாத புரதம் கிடைக்கும்.

கணினியும் தட்டும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020இன் கொரோனா வைரஸ் கூர்முனைப் புரதமே சான்று. ஆய்வாளர்கள் வடிவத்தைப் பார்த்து நூறு மாற்றங்களை முன்மொழிந்து, ஒவ்வொன்றையும் தயாரித்துச் சோதித்து, பலன் தந்தவற்றை இணைத்தார்கள். புரோலின் என்னும் அமினோ அமிலத்தை ஆறு இடங்களில் புகுத்திய ஹெக்ஸாப்ரோ என்ற வடிவம், முந்தைய இரண்டு புரோலின் வடிவத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாகக் கிடைத்தது.

செல்லே இல்லாமல் புரதம் தயாரிக்கும் முறை எப்போது ஏற்றது?

நிரன்பர்க்கும் மத்தேயியும் 1961இல் மரபுக் குறிமொழியின் முதல் சொல்லைப் படித்தது செல்லற்ற சாற்றில் (செல்களை உடைத்து எடுத்த சாற்றில்) தான். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தூய்மையாக்கிய உறுப்புகளை மட்டும் கலந்து ப்யூர் அமைப்பை உருவாக்கினார்கள். பிசிஆர் மூலம் பெருக்கிய நேர்கோட்டு டி.என்.ஏவை நேரடியாகச் சேர்த்துச் சில மணி நேரத்தில் புரதத்தைப் பெறலாம்; குளோனிங் இல்லை, செல்லைக் கொல்லும் நச்சுத்தன்மை என்ற கவலையும் இல்லை. நூற்றுக்கணக்கான வடிவமைப்புகளை விரைவாக வடிகட்ட இதற்கு இணை இல்லை. மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும்போது செலவு தடுக்கும். அதோடு, செல்லற்ற சாற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று கிடைத்த தரவரிசை செல்லுக்குள் அப்படியே திரும்பும் என்று எண்ணக் கூடாது.

ஜெல்லில் தடித்த பட்டை தெரிகிறது. வெற்றிதானே?

இன்னும் இல்லை. கரைந்த நிலையில் இருக்கும் புரதம் சரியாக மடிந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சாபரோன்களைப் பற்றிக்கொண்டோ சிறு திரள்களாகவோ மிதந்துகொண்டிருக்கலாம். குறிப்பாக எம்பிபி (மால்டோஸைப் பிணைக்கும் புரதம்) போன்ற பெரிய டேக்குகள், தம்மோடு இணைந்த மடியாத புரதத்தையும் கரைசலில் தூக்கிப் பிடித்திருக்கும். டெவ் புரோட்டியேஸால் டேக்கை வெட்டிய மறுகணம் குழாயின் அடியில் வெள்ளைப் படிவு விழும். ஆகவே சிறு அளவிலேயே டேக்கை வெட்டிப் பார்ப்பது கட்டாயம்.

வெப்பத்தில் புரதம் குலைவதைச் சாயத்தின் ஒளிர்வால் அளக்கும் முறை, 96 மாதிரிகளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிக்கும். ஒரே வெப்பநிலையில் கூர்மையாகக் குலையும் புரதம் ஒழுங்காக மடிந்தது. தொடக்கத்திலிருந்தே ஒளிர்வு உயர்ந்து நின்றால் ஐயப்பட வேண்டும். நொதியாக இருந்தால் செயல்பாட்டை அளப்பதே இறுதித் தேர்வு.

சவ்வுப் புரதங்களுக்கும் இவை பொருந்துமா?

செல்சவ்வில் பதிந்திருக்கும் இப்புரதங்களுக்கும் பொருந்தும், கூடுதல் கவனத்தோடு. 1996இல் மிரூ, வாக்கர் இருவரும் பிரித்தெடுத்த சி41, சி43 என்னும் ஈ. கோலை இனங்கள் மெதுவாக உற்பத்தி செய்வதால் செல் சாகாமல் தப்புகிறது. 2006இல் கவாத்தே, கூவோ இருவரும் அறிமுகப்படுத்திய ஒளிர்வு அடிப்படையிலான அளவுப்பிரிப்பு முறையில், பச்சை ஒளிர்ப்புரதத்தோடு இணைத்த சவ்வுப் புரதத்தைத் தூய்மையாக்காமலேயே, உடைத்த செல்சாற்றை நேரடியாகப் பத்தியில் (அளவுப்படி பிரிக்கும், நுண்மணிகள் நிரப்பிய குழாயில்) ஓட்டிப் பார்க்கலாம். சமச்சீரான ஒற்றை முகடு வந்தால் முன்னேறலாம். மணிகளின் நுண்துளைகளில் நுழையாமல் தொடக்கத்திலேயே எல்லாம் வெளியேறினால் அது திரள். எந்த உறவுப் புரதம், சவ்விலிருந்து அதைப் பிரித்தெடுக்க எந்த டிடர்ஜென்ட் என்று முடிவு செய்ய மைக்ரோகிராமுக்கும் குறைவான புரதமே போதும்.

சிறு தட்டில் கிடைத்த முடிவு பெரிய குடுவையில் ஏன் மாறுகிறது?

பெரும்பாலும் ஆக்சிஜன். ஆழ்குழியில் ஒரு மில்லிலிட்டர் நீர்மம் பெறும் காற்றும் இரண்டு லிட்டர் குடுவையின் அடியில் இருக்கும் செல் பெறும் காற்றும் ஒன்றல்ல. குடுவை குளிர எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு: 37 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குத் தட்டு நிமிடங்களில் இறங்கும், லிட்டர்கள் அப்படி இறங்காது, வெப்பம் தணியும் முன்பே தூண்டிவிட்டால் முதல் மணி நேரப் புரதம் முழுவதும் திரண்டுவிடும். தட்டின் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கன்ஸ்ட்ரக்டுகளை 50 மில்லிலிட்டரில் ஒருமுறை சோதித்த பிறகே பெரிய அளவுக்குச் செல்லுங்கள்.

இயந்திரக் கற்றல் நிலைமைகளைத் தேர்வதிலும் உதவுமா?

உதவும். வெப்பநிலை, தூண்டி அளவு, தூண்டும் நேரம், ஊடகம் போன்ற ஆறு காரணிகளுக்குத் தலா நான்கு மதிப்புகள் என்றால் 4,096 சேர்க்கைகள். பேய்சிய உகப்பாக்கம் என்னும் முறை, முதல் சுற்றில் செய்த சில டஜன் சோதனைகளிலிருந்து ஒரு தற்காலிக மாதிரியை அமைத்து, அடுத்து எங்கே சோதித்தால் ஆதாயமோ அறிவோ அதிகம் கிடைக்கும் என்று சொல்லும். மூன்று நான்கு சுற்றுகளில் நல்ல நிலைமை கைக்கு வருவது வழக்கம். ஒரே நிலைமையை மூன்று குழிகளில் திரும்பச் செய்து அளவீட்டுப் பிழையை முதலில் அறிந்துகொள்ளாவிட்டால், இந்த முறை இரைச்சலைத் துரத்திக்கொண்டு ஓடும்.

தோல்வியடைந்த குழிகளை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

மேலே சொன்ன கருவிகளின் குறைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. வெளியாகும் கட்டுரைகளில் வெற்றி பெற்ற ஒரு கன்ஸ்ட்ரக்ட் இருக்கும். தோற்ற 40 பற்றி ஒரு வரி கூட இருக்காது. கற்கும் இயந்திரத்துக்கு அந்த 40தான் பாடம். பதிவு செய்யும்போது "கரையவில்லை" என்று மட்டும் எழுதாமல், மொத்தச் சாற்றில் பட்டை இருந்ததா, கரைந்த பகுதியில் இருந்ததா, தூய்மையாக்கிய பின் இருந்ததா, டேக்கை வெட்டிய பின் நின்றதா என்று நான்கு நிலைகளாகப் பிரித்து எழுதுங்கள். கன்ஸ்ட்ரக்டின் பெயரை எழுதுவதைவிட டி.என்.ஏவின் முழு வரிசையை, இணைப்புப் பகுதியோடும் டேக்கோடும், எழுதி வைப்பது முக்கியம். ஒரு விரிதாளும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

ரோபோ வாங்க முடியாத சிறு ஆய்வகம் என்ன செய்வது?

பன்முனைப் பிப்பெட், ஆழ்குழித் தட்டுகள், ஒரு காந்தத் தட்டு, தட்டு தாங்கும் சென்ட்ரிஃபியூஜ், இவற்றோடு 24 குழிகளில் தொடங்கலாம். மேலே சொன்ன கணிப்புக் கருவிகளில் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரிய மையங்கள் எண்ணிக்கையால் சாதிப்பதில் பெரும்பகுதியைச் சிறு ஆய்வகம் நல்ல தெரிவால் சாதிக்க முடியும்.

எல்லாம் செய்தும் புரதம் வரவில்லை. எப்போது நிறுத்துவது?

இரண்டு முழுச் சுற்றுகள் தோற்றால், அதே புரதத்தை மூன்றாம் முறை வருத்துவதைவிட வேறு உயிரினத்திலிருந்து அதன் உறவுப் புரதத்தை எடுப்பது நல்லது. இது புதிய தந்திரம் அல்ல. ஜான் கெண்ட்ரூ மயோகுளோபினின் வடிவத்தைத் தேடியபோது பல உயிரினங்களின் புரதத்தை முயன்று, கடைசியில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையில்தான் நல்ல படிகங்களைப் பெற்றார். 1958இல் வெளிவந்த முதல் புரத வடிவம் அதுவே. இன்று பத்து உறவுப் புரதங்களின் மரபணுக்களை ஒரே கோரிக்கையில் தொகுத்துப் பெற்று, ஒரே தட்டில் வளர்த்துப் பார்க்க ஏறத்தாழ நான்கு வாரம் போதும். உங்கள் கேள்விக்கு மனிதப் புரதமே வேண்டுமென்றால் அந்த வழி அடைபட்டிருக்கும். அப்போது ஓம்புயிரை மாற்றி ஹெக்293 செல்களுக்குச் செல்லுங்கள், அல்லது அது செல்லுக்குள் எந்தப் பங்காளியோடு சேர்ந்து வாழ்கிறது என்று தேடி, இரண்டையும் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்த்து மீண்டும் தட்டில் வையுங்கள்.